குருவித் தீனியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சி

தம்பிமார், முதலில் அந்தக் கஞ்சித் துடுப்பைக் கீழே வையுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் கண் அடுப்பில்தான் இருக்கும், நான் சொல்வது காதில் ஏறாது. நானும் இந்தக் குசினியில் அப்படி நின்றவன்தான்.

வாற நோன்பிலிருந்து இந்தப் பள்ளிவாசலின் கஞ்சிக் கிடாரம், இந்தப் பெரிய அண்டா, உங்கள் பொறுப்பு. என் முழங்கால் இரண்டும் எனக்கு முன்னமே ஓய்வு எடுத்துவிட்டன. போன கிழமை நம்பிக்கையாளர் சபை என்னைக் கூப்பிட்டு, "எங்கட கோக்கி, எங்கட சமையல்காரர்" என்று நாலு வார்த்தை பேசி, ஒரு பொன்னாடையும் போர்த்தியது. காத்தான்குடி வெயிலில் அதை எங்கே போட்டுக்கொண்டு போவது? வீட்டில் மனிசி அதில் தலையணை உறை தைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது.

இஞ்சி எவ்வளவு, உள்ளிப்பூண்டு எவ்வளவு என்று சொல்லித்தர நான் வரவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை. கிடாரம் கோக்கிக்கு எதிராகத் திரும்புகிற நாள் ஒன்று வரும். அந்த நாளில் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைத்தான் சொல்ல வந்தேன். உங்களில் ஒருவர் வெளியூர்ப் பிள்ளை என்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், மற்றவர்கள் கொட்டாவி விடாமல் இருங்கள்.

நோன்பு மாதம் முழுக்க, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு, பள்ளியின் பின்மதிலோரம் ஊர் வரிசையாக நிற்கும். அரிசி, இறைச்சி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, வெந்தயம் எல்லாம் போட்டு மத்தியானத்திலிருந்து காய்ச்சிய கஞ்சியை நாங்கள் அளந்து ஊற்றுவோம். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து அதைக் குடிப்பார்கள். எங்கள் பள்ளியில் இன்னொரு வழக்கமும் உண்டு. தலைப்பிறை கண்டு அடுப்பில் ஏற்றிய கிடாரத்தைப் பெருநாள் பிறை காணும் வரை கவிழ்க்க மாட்டோம். தினமும் கழுவுவோம், ஆனால் நிமிர்த்தித்தான் வைப்போம். பெருநாள் பிறை கண்ட பிறகுதான் களஞ்சிய அறையில் அது முகங்குப்புறப் படுக்கும். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில்கூட அந்த வழக்கம் முறியவில்லை.

இந்த வேலையில் உள்ள பெரிய கஷ்டம் எது தெரியுமா? புகை இல்லை, சூடு இல்லை. ஊருக்கே சமைக்கிறவன் ஒரு சொட்டு ருசி பார்க்க முடியாது. அவனும் நோன்புதானே. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம், அதற்கு இடமிருக்கிறது என்று மௌலவிமார் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்கு மனம் வந்ததில்லை. மூக்கால் உப்புப் பார்க்கவும், அகப்பையிலிருந்து விழுகிற விதத்தைக் கண்டு பதம் பார்க்கவும் பழகிக்கொண்டேன். அரிசிக் கஞ்சி என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் காய்ச்சுவேன் என்கிற திமிரும் கூடவே வளர்ந்தது. நாட்டுக்கு உரம் வராத வருசம் அந்தத் திமிர் அடங்கியது.

அந்த வருசம் உங்களுக்கு நினைவிருக்கும். காஸ் சிலிண்டரை வரிசையில் வைத்து, அதன் மேலேயே குந்தியிருந்து வளர்ந்தவர்கள்தானே நீங்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் வட்டைகளில் நெல் உரம் பசளையில்லாமல் பதராய்ப் போனது. வழக்கமாகப் பள்ளிக்கு அரிசி மூடை இறக்குகிற முதலாளிமார் அந்த வருசம் சலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது, அவர்கள் கடைகளிலும் தட்டு வெறுமையாய்த்தான் கிடந்தது. இருந்ததை வைத்துப் பாதி நோன்பு வரை இழுத்தோம். அதற்குப் பிறகு களஞ்சியத்தில் மிஞ்சியது சாக்கு மட்டும்தான்.

ஆனால் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போனது. முந்தின வருசங்களில் சின்னப் பிள்ளைகள் ஜக்குகளோடு வந்து தள்ளுப்பட்டு விளையாடுவார்கள். அந்த வருசம் பெரிய ஆட்கள் வந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அதில் ஸபீனா என்று ஒரு பிள்ளை. புருசன் தோணிக்காரன், மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கரையிலேயே காய்ந்துகொண்டு கிடந்தது. அவள் இரண்டு வாளி கொண்டுவருவாள். ஒன்று தனக்கு, மற்றது பக்கத்து வீட்டுக்கு என்பாள். பக்கத்து வீட்டில் ஆளே இல்லை, கட்டாரில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் நிரப்பிவிட்டு, "பக்கத்து வீட்டாளுக்கு சலாம் சொல்லு புள்ள" என்பேன். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும், எங்கள் கஞ்சிதான் அங்கே ராச்சாப்பாடும், விடியுமுன் நோன்பு பிடிக்கிற ஸஹர் சாப்பாடும் என்பதும் எனக்கு விளங்கித்தான் இருந்தது.

அரிசி முடிந்த அன்று, அஸருக்குப் பிறகு சபைத் தலைவர் ஹாஜியார் குசினி வாசலில் வந்து நின்றார். துணிக்கடை வைத்திருக்கிற மனிதர், நல்ல மனது, ஆனால் பொறுமை மட்டும் அளந்துதான் கொடுத்திருக்கிறான் அல்லாஹ்.

"கோக்கி, இண்டையோட நிப்பாட்டுவம். அரிசி இல்லாம என்னத்த காச்சுற? கிடாரத்த கவுத்து வைங்க. அடுத்த வருசம் பாப்பம்."

"நோன்பு பாதி இரிக்கி ஹாஜியார்."

"இரிக்கி. அரிசி இல்லயே."

"ஒரு நாள் பொறுங்க. நாளைக்கி நான் காச்சுறன்."

எதைக் காய்ச்சுவேன் என்று அவர் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். நல்ல காலம், மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். நோன்பு திறந்துவிட்டு நான் தெருவில் இறங்கி, தெரிந்த கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியாக, கூட்டுக் குருவிகளும் மீன்தொட்டிகளும் விற்கிற கடை முன்னால், படுவான்கரையிலிருந்து வருகிற பாக்கியத்தைக் கண்டேன்.

பாக்கியம் காட்டுச் சேனையில் பயிர் செய்கிற பெண். சோளன், கௌபி, பயறு என்று அந்தந்தப் பருவத்தில் கொண்டுவந்து எங்கள் ஊர்க் கடைகளுக்குப் போடுவாள். வீட்டுக்கு வாங்கி எனக்கும் பழக்கம், ஊர் மாதிரியே அவளும் என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். அன்று ஒரு சாக்கைச் சைக்கிளில் கட்டியபடி கடைக்காரரோடு வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டு நின்றாள். மனிசருக்கே தீனி இல்லை, குருவிக்கு யார் வாங்குவார் என்று அவர் சாக்கை இறக்கவே விடவில்லை.

"என்ன புள்ள அது?"

"சாமை, காக்கா. நெல்லெல்லாம் படுத்திட்டு, இது மட்டும் சும்மா நிண்டு விளைஞ்சி கிடக்கு. உரமும் கேக்கல்ல, மருந்தும் கேக்கல்ல, ரெண்டு மழையோட கதிர் தள்ளிட்டு. இந்த மனிசன் வேணாமாம்."

"இத நீங்க என்ன செய்யிற?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தின்னுற. வேற என்ன செய்யிற? ஒவ்வொரு நாளும் எங்கட வீட்டில இதுதான் சோறு. தயிரும் பச்சை மிளகாயும் இருந்தா போதும். விடிய தின்னுட்டு காட்டுக்குப் போனா அந்தி மட்டும் வயிறு கூப்பிடாது."

விடியத் தின்றால் அந்தி வரை வயிறு கூப்பிடாது. நோன்புக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அந்த இடத்திலேயே மயிர் சிலிர்த்தது. எங்கள் ஊரில் சாமை என்றால் கூட்டுக் குருவிக்குப் போடுகிற சாமான். அதை மனிதர் சோறாக்கித் தின்பது வாவிக்கு அந்தப் பக்கம் அன்றாட விசயம். ஒரு பாலத் தூரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு காலமாக இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"கஞ்சி காச்சலாமா?"

"கஞ்சிக்கு எண்டே செஞ்ச சாமான். ஆனா இது உமியோட இருக்கு, குருவிக்குத்தான் சரி. மனிசருக்கு எண்டா குத்திப் புடைச்சித் தரோணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டாறன். ஆருக்கு, வீட்டுக்கா?"

"பள்ளிக்கு."

அவள் சைக்கிளில் சாக்குக் கட்டை இழுத்து இறுக்கினாள். பிறகு, "நோன்புக் கஞ்சிக்கு எண்டா மொத சாக்கு என்ட பேருல கிடக்கட்டும், காசு வேணாம். மத்தத மறுகா பாப்பம்" என்றாள். போகும்போது திரும்பி, "நீங்க இத ஆக்கிப் பழக்கமில்ல காக்கா, நானும் நிக்கிறன்" என்றும் சொன்னாள். சோறு பொங்கவா இவள் எனக்குச் சொல்லித்தரப் போகிறாள் என்று உள்ளே ஒரு கடுப்பு வந்தது. வந்ததைச் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் காலையிலேயே ஹாஜியாரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நோன்பாளிக்குக் குருவித் தீனியா? ஊர் சிரிக்கும் கோக்கி. பக்கத்துப் பள்ளிக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"பசியில எவனும் சிரிக்க மாட்டான் ஹாஜியார்."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இண்டைக்கி ஒரு நாள் காச்சுங்க. நல்லா வந்தா பாப்பம். சனம் முகம் சுழிச்சா, கிடாரம் கவுந்த கவுந்ததுதான். அதோட, என்ன சாமான் எண்டு ஆருக்கும் சொல்லத் தேவல்ல. ஊத்திக் குடுத்தா குடிச்சிட்டுப் போவாங்க."

முதல் நிபந்தனைக்குத் தலையாட்டினேன். இரண்டாவதுக்குத் தலையாட்டவில்லை.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினோம். நானும், உதவிக்கு என் மச்சானும். இறைச்சி வெந்தது, இஞ்சி உள்ளி மணந்தது, தேங்காய் பிழிந்தாயிற்று. சாமையைக் காணவில்லை. பஸ் ஓடாத காலம், அவள் மண்முனைப் பாலத்தைச் சைக்கிளில்தான் கடந்து வர வேண்டும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே போட ஒன்றும் இல்லை. மச்சான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து என் உயிரை வாங்கினான். "இரியன்டா ஒரு இடத்தில" என்று கத்தினேன். அந்த நேரத்தில் ஸபீனாவின் இரண்டு வாளியும் என் கண்ணுக்குள் நின்றன, வேறொன்றும் நினைக்க வரவில்லை.

பாக்கியம் வந்து சேர்ந்தபோது அவளுடைய சேலைத் தலைப்பு வேர்வையில் முழுக்க நனைந்திருந்தது. வழியில் டியூப் போய்விட்டது, மிச்சத் தூரம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பின்மதில் கதவால் உள்ளே வந்தவள், வெட்கப்படவோ தயங்கவோ நேரமில்லாமல், நேரே அரிக்கன் சட்டியை எடுத்துக் கல் அரிக்கக் குந்திவிட்டாள். நானும் கூடக் குந்தினேன். அரித்து முடிய, வழக்கமாகக் கஞ்சி அரைவாசி வேகிற நேரம் தாண்டிவிட்டது.

இங்கேதான் நான் பிழை விட்டேன். பிந்தியதை எட்டிப்பிடிக்க விறகை அள்ளி வைத்து நெருப்பை ஏற்றினேன். அரிசி என்றால் அது தாங்கும், கொதியில் எழும்பிச் சுழன்றுகொண்டே வேகும். சாமை சின்ன மணி, கனத்துக் கீழே இறங்கி மணல்போலப் படிந்துவிடும். அரிசிப் பழக்கத்தில் மூடியைப் போட்டுவிட்டுத் தேங்காய்ப்பாலைப் பார்க்கத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஏறியது. அடிப்பிடித்த மணம்.

மச்சான் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். பாக்கியமும், "கிண்டுங்க காக்கா, கெதியா கிண்டுங்க" என்று சத்தம் போட்டாள். அவள் வீட்டுச் சட்டியில் அது சரிதான், சுரண்டிவிட்டால் தப்பும். எனக்கு முன்னால் இந்தக் குசினியில் இருந்த மனிதர், அவர் பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை, பெரிய கோக்கி என்றுதான் சொல்வோம், அவருடைய பாடம் ஒன்றுதான் அப்போது என் கையைப் பிடித்தது. கிடாரம் அடிப்பிடித்தால் முதல் வேலை, துடுப்பை வெளியே எடுப்பது. கருகினது அடியில் தகடாய் ஒட்டிக்கொண்டு இருக்கும் வரை மேலே உள்ளது கஞ்சி. ஒருக்கால் கிண்டிவிட்டால் முழுக் கிடாரமும் கரி.

"ஒருத்தரும் தொடாதீங்க" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். நெருப்பை இழுத்து வெளியே போட்டேன். மச்சானைப் பள்ளிக் களஞ்சியத்திலிருந்து பெரிய சட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, அகப்பையை மேல்மட்டத்திலேயே விட்டு, அடி அசையாமல் மெல்ல மெல்ல முகந்து மாற்றினோம். அடியில் கொஞ்சம் மிஞ்சியபோது நிறுத்தினேன். மச்சான், "இன்னும் இரிக்கி மச்சான்" என்றான். "இரிக்கட்டும்" என்றேன். அந்த மிச்சத்தில் ஆசைப்பட்டால் மொத்தமும் போய்விடும். அடியை உரசிக் கழுவிக் கிடாரத்தை மறுபடி ஏற்றினோம், நிமிர்த்தியபடியே கழுவினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சியைத் திருப்பி ஊற்றி, சுடுதண்ணீரும் பாலும் விட்டு, சின்ன நெருப்பில் வைத்து, இந்த முறை நானே துடுப்போடு நின்று விடாமல் கிண்டினேன்.

இனி உப்பு. உப்பைவிடப் பெரிய கேள்வி, புகை ஏறிவிட்டதா இல்லையா என்பது. அரிசிக் கஞ்சியின் மணம் எனக்குத் தெரியும். இது புது மணம், இதில் எது சாமையின் வாசம், எது கருகல் என்று என் மூக்குக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மச்சானும் நோன்பு. அந்தக் குசினியில் நோன்பில்லாத வாய் ஒன்றுதான் இருந்தது.

"பாக்கியம், நீ குடிச்சிப் பாரு."

அவள் திடுக்கிட்டுப் போனாள். "நீங்கெல்லாம் தண்ணியும் இல்லாம நிக்கிறீங்க, உங்கட முன்னால நான் எப்புடிக் குடிக்கிற?"

"ஊருக்காகக் குடி புள்ள. உன்ன விட்டா எனக்கு நாக்கு இல்ல."

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். அவள் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள்.

"உப்பு?"

"பொறுங்க காக்கா, சுடுது." இன்னொரு வாய். "உப்பு சரி."

"புகை மணம்?"

இல்லை என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் முகத்தைச் சுருக்கினாள். "இருக்கு. கொஞ்சம். பின்னாலதான் தெரியுது, ஆனா இருக்கு." பிறகு, நான் கேட்காமலே, "வெந்தயமும் கூடிட்டு" என்றாள்.

"வெந்தயத்தப் பத்தி ஆர் கேட்ட?" என்று பாய்ந்தேன். ஆனால் தம்பிமார், அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லையே தவிர, நான் அதை நம்பினேன். ருசி பார்க்க ஆள் வைத்துவிட்டு, அந்த ஆள் சொல்வது இனிக்கவில்லை என்று தள்ளிவிடுகிற கோக்கி ஊரைக் கெடுப்பான். அஸர் பாங்குக்குச் சொற்ப நேரம்தான் இருந்தது. புகையை எடுக்க ஏலாது. எடுக்க ஏலாததை விருந்தாளியாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை ஓடியது. வீட்டுக்கு ஆள் அனுப்பி மனிசி ஒளித்து வைத்திருந்த நெய்யை வாங்கி வரச் செய்தேன். அதற்குக் கணக்கு நான் பிறகு கொடுத்தேன், அது வேறு கதை. வெங்காயத்தை மெல்லிசாய் அரிந்து, வாசத்துக்கு றம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு, கருகுவதற்கு ஒரு கணம் முன்னால் வரை சிவக்கப் பொரித்து, அப்படியே கிடாரத்தில் கொட்டினேன். சோவென்று எழும்பியது. பொரிந்த வெங்காயத்தின் புகை, அடிப்பிடித்த புகையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பாக்கியம் மறுபடி சிரட்டையை நீட்டினாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே நீட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

வரிசைக்கு முன்னால் கிடாரத்தைத் திறந்தபோது ஹாஜியார் மதிலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்லாமல் ஊற்று என்றவர். நான் அகப்பையைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"இண்டைக்கி அரிசி இல்ல. இது சாமை. குருவிக்குப் போடுறது எண்டு நாம சொல்லுற அதே சாமைதான். கல் அரிச்சி, சுத்தமா காச்சியிருக்கு. விருப்பமானவங்க வாங்குங்க."

வயிற்றுக்குள் போகிற சாமானைச் சொல்லாமல் ஊற்றக் கூடாது. அவர்களில் சீனி வருத்தக்காரர், சர்க்கரை வியாதி உள்ளவர், இருப்பார், வயசானவர் இருப்பார், பத்தியக்காரர் இருப்பார். தெரிந்து குடித்தால்தான் நாளைக்கும் நம்பி வருவார்கள். ஹாஜியாரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அகப்பை கை நழுவியிருக்கும்.

வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்னால் நின்ற ஒருவர், "குருவித் தீனியா காக்கா?" என்றார்.

"ஓம். குடிச்சிட்டுப் பறந்தா கூரைய பாத்துப் பற" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் பாத்திரத்தை நீட்டவில்லை. அந்த நேரம் பின்னாலிருந்து ஸபீனா ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு வாளியையும் ஒன்றாக நீட்டினாள். "எதுவெண்டாலும் நிறைய ஊத்துங்க காக்கா" என்றாள். அன்று பக்கத்து வீட்டுக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, விளிம்பு வரை ஊற்றினேன். அவளுக்குப் பின்னால் வரிசை தானாக நகர்ந்தது.

மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, என் கோப்பையைத் தூக்கியபோதுதான் நான் அதன் ருசியைக் கண்டேன். அல்லாஹ்வே, என்ன ருசி அது. மணி மணியாய் நாக்கில் உருண்டது, நெய்யும் வெங்காயமும் பின்னால் ஒரு மெல்லிய புகையும். எதிரே ஹாஜியார் தலையைக் குனிந்தபடி குடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நிரப்பினேன். அந்தப் பக்கம் யாரோ, "ஒரு புகை மணம் அடிக்கிற மாதிரி இரிக்கி" என்றார். ஹாஜியார் நிமிர்ந்து, "அதுதான் அதுட ருசி. ஒழுங்கா குடிங்க" என்றார். நான் சிரிப்பை அடக்கக் கஞ்சிக்குள் முகத்தை விட்டேன்.

ஆனாலும் எழும்பும்போது, "நாளைக்கிப் பாப்பம்" என்று மட்டும்தான் சொன்னார். கிடாரம் தப்பியதா இல்லையா என்று அந்த இரவு முழுக்க எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்தேன். இரவுத் தராவீஹ் தொழுகையில் பின்வரிசைகள் வழக்கமாய்ப் பாதியில் கலையும், பசி கிளம்பும். அன்று கலையவில்லை.

மறுநாள் அஸருக்கு முன்னமே ஸபீனா குசினி வாசலுக்கு வந்தாள். கையில் கழுவித் துடைத்த இரண்டு வாளி. ஹாஜியாரும் அங்கேதான் நின்றார், இனி என்ன செய்வது என்று என்னோடு பேச வந்திருந்தார். அவள் அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"காக்கா, ராவைக்கு என்ட புள்ளையள் பசிக்கி எண்டு எழும்பல்ல. இந்த நோன்பில இதான் மொத தடவ. ஸஹருக்கு நான்தான் தட்டி எழுப்பின. அத சொல்லிட்டுப் போகத்தான் வந்தன். இண்டைக்கும் அதுதானே காச்சுற?"

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் எங்கோ மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, சால்வையால் வேர்வை துடைக்கிற மாதிரி துடைத்தார். கரகரத்த குரலில், "என்ன பாத்துக்கு நிக்கிறீங்க கோக்கி? படுவான்கரைக்கு ஆள் அனுப்புங்க. அந்தப் புள்ளட சைக்கிளுக்கு டியூப்பும் வாங்கிக் குடுங்க" என்றார். எனக்கு வந்த சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மேலெல்லாம் கரி பூசிக்கொண்டதற்கு அவர் ஏசினதும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பாக்கியத்தின் ஊர்ப் பெண்கள் சேர்ந்து குத்திப் புடைத்து அனுப்பினார்கள். அவர்களிடம் முந்தின வருசச் சாமைகூட இருந்தது, பூச்சி பிடிக்காமல் அப்படியே கிடந்தது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் சிரிக்க வந்து, கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நோன்பு முடிந்த பிறகும் ஆட்கள் விடவில்லை. இன்று எங்கள் தெருவில் கிழமையில் இரண்டு நாளாவது சாமைச் சோறோ, குரக்கன் என்கிற கேழ்வரகுப் புட்டோ ஆக்காத வீடு குறைவு. அரிசி திரும்பிக் கடைக்கு வந்த பிறகும் ஆக்குகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வெற்றி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது மருந்து, அது தீரும் இது தீரும் என்று வரிசையில் நின்று அளக்காதீர்கள். சீனி வருத்தக்காரர் கேட்டால், மெல்லச் செரிக்கும், வயிறு தாங்கும், ஆனாலும் அளவோடு, மருந்துக் குளிசையை விடாமல் என்று சொல்லுங்கள். சாப்பாடு சாப்பாடாக இருந்தால் போதும், அதுவே பெரிய காரியம். குருவிக் கடைக்காரர் மட்டும் இன்னும் என்னோடு கோபம். குருவிகளுக்குத் தீனி இல்லாமல் போனதற்கு நான்தான் காரணமாம்.

அடுத்த வருசம் அடிப்பிடிக்காமல், ஒரு குறையில்லாமல் காய்ச்சினேன். ஹாஜியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "போன வருசம் மாதிரி இல்லயே கோக்கி, அந்தப் புகை எங்க?" என்றார். அதனால்தான் இன்றைக்கும் வெங்காயத்தைக் கருகுவதற்கு ஒரு கணம் முன்னால் வரை விடுகிறோம். அந்த ஒரு கணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

உரம் வராத அந்த வருசம், பெருநாள் பிறை கண்ட அந்தியில் நான் கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே பெருநாள் தக்பீர் முழக்கம் கேட்டது. பின்மதில் கதவைத் திறந்தால், வரிசையில் நிற்கிற சனம் பாதி அங்கே நின்றது, கையில் பாத்திரம் இல்லாமல். ஸபீனாவின் புருசன் மண்ணெண்ணெய் கிடைத்துத் தோணியில் போய்ப் பிடித்த முதல் மீனைக் கோர்வையாய்த் தூக்கிக்கொண்டு நின்றான். பாக்கியம் பெருநாளைக்கு என்று ஒரு சட்டித் தயிரோடு நின்றாள். யாரும் கஞ்சி கேட்டு வரவில்லை, பார்க்கத்தான் வந்தார்கள். நானும் மச்சானும் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து, கிடாரத்தைத் தூக்கி, பிறை கண்ட பிறகு, எங்கள் கையாலேயே கவிழ்த்தோம்.

இப்போது எழும்புங்கள் தம்பிமார். துடுப்பு உங்களுடையது.